சாவி கடலில் விழும் அத்தியாயம்

பத்திரிகையின் நூல் பக்கத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டி எழுதப்பட்ட அந்தத் தீவு நாவல், அதற்குக் கிடைத்த பேருக்குத் தகுதியானதுதானா? பாதிப் பேர் அதைக் காவியம் என்கிறார்கள். பாதிப் பேர் நூறு பக்கத்துக்கு மேல் வாசிக்க ஏலாது என்கிறார்கள். எங்கள் பத்திரிகையில் அதற்கு மதிப்புரை எழுதியவள் நான். வேலையில் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். நீங்கள் கூப்பிட்டுக் கதிரை போட்டு, தொழிலைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்கிறீர்கள். மதிப்புரை எவ்வளவு நீளம் இருக்கவேண்டும், கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதையெல்லாம் மேசையில் இருப்பவர்கள் சொல்லித்தருவார்கள். நான் இந்த ஒரு நூலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேட்டபிறகு உங்களுக்கு உற்சாகம் வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலணைக்காரி. தொண்ணூறில் இராணுவம் வந்திறங்கித் தீவே கிளம்பி ஓடியபோது நாங்களும் ஓடினோம். தொண்ணூற்றாறுக்குப் பிறகு திரும்பிவந்து, இடிந்த வீட்டில் இரண்டு அறைக்குக் கூரை போட்டுக்கொண்டு இருந்தோம். காலையில் பேருந்தில் ஏறி, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைப் பாலம் என்று சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, யாழ்ப்பாணத்திலிருந்த அலுவலகத்துக்குப் போவேன். அந்த நாவல் வந்தது சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில், 2003இல். எழுதியவர் நாரந்தனையில் பிறந்தவர். எண்பதுகளின் தொடக்கத்திலேயே கனடாவுக்குப் போனவர். சென்னையில் அச்சிட்டிருந்தார்கள். புத்தகம் இங்கே வந்து சேருவதற்கு முன்பே அதைப் பற்றிய சண்டை வந்து சேர்ந்துவிட்டது. இயக்கத்தைத் திட்டியிருக்கிறார் என்று சிலர் கோபித்தார்கள். போதிய அளவு திட்டவில்லை என்று வேறு சிலர் கோபித்தார்கள். கோபித்தவர்களில் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பிரதம ஆசிரியர் அதிகம் பேசாதவர். எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததெல்லாம் அவருடைய சிவப்புப் பேனா வெட்டிய இடங்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுதான். அவர் ஒருநாள் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நீர் தீவுப் பிள்ளை, நீர்தான் எழுதவேண்டும், அவசரமில்லை, ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டு எழுதும் என்றார்.

பேருந்தில் போகவர வாசித்தேன். பண்ணையில் ஒரு இளம் சிப்பாய் என் பையிலிருந்து அதை எடுத்து, கையில் வைத்துப் பாரம் பார்த்துவிட்டு, பைபிளா என்று கேட்டான். ஆம் என்றேன். மரியாதையாகத் திருப்பித் தந்தான். அந்த நாவலுக்கு இந்த மண்ணில் சண்டையில்லாமல் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் முந்நூறு பக்கம் என்னைக் கொன்றுபோட்டது. யார் யாருக்கு எந்தக் காணி சீதனமாகப் போனது என்ற கதை. பிறகு அரசியல் பேச்சு. தேநீர்க் கடையில் நிற்கிறவன்கூடப் பத்துப் பக்கத்துக்குப் பேசுகிறான். பெண்கள் அழுகிறார்கள் அல்லது குசினியில் நிற்கிறார்கள். இதை யார் தூக்கிவைத்தார்கள் என்று எரிச்சலோடு பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனேன்.

எழுநூறாவது பக்கத்துக்குப் பிறகு அந்த அத்தியாயம் வருகிறது. ஊரே கரைக்கு ஓடுகிறது. ஒரு வீட்டில் வாதம் வந்து படுக்கையில் கிடக்கிற கிழவர். மகன் கரையில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மருமகள் கிழவருக்குப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டுகிறாள். கிழவர் ஒன்றும் கேட்கவில்லை. பூட்டுகிற சத்தத்துக்குப் பிறகுதான் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். வள்ளம் கரையை விட்டு விலகியதும், யாரும் பார்க்காதபோது, அவள் சாவியைத் தண்ணீரில் விடுகிறாள். அது கீழே போவதை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அதில் எடுத்துப்போட ஒரு சொல் இல்லை.

நாரந்தனையில் சிலர் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். அங்கேயிருந்து அராலிக் கரைக்குப் போகிற வழியில் கிடப்பது பரவைக்கடல். பல இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். சாவி விழுந்தால் காலால் தடவி எடுக்கலாம், கனடாவில் இருந்து எழுதினால் இப்படித்தான் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. எனக்கும் அந்தக் கடலைத் தெரியும், நானும் அதைக் கடந்து ஓடியவள்தான். ஆனால் வாசித்தபோது அந்தத் தண்ணீருக்கு ஆழம் இருந்தது. நான் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய், நடந்து திரும்பிவந்தேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை பின்னேரம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட நான்கைந்து வயது குறைந்தவள். பெயர் றெஜினா, நாரந்தனையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தாள். நீங்கள்தானே பேப்பரில் எழுதுகிறவர் என்று கேட்டாள். உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் புத்தகத்திலை வாற மருமகள் நான்தான் அக்கா."

நாவலை எழுதியவர் அவளுடைய கணவனின் தம்பி. பூட்டிய வீட்டுக்குள் கிடந்த கிழவர் அவர்கள் இருவரின் தகப்பன். எழுதியவர் அன்றைக்கு ஊரில் இல்லை. கனடாவுக்குப் போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

நடந்ததை அவள் சொன்னாள். கிழவரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றுதான் நின்றார்களாம். அவர் மாட்டேன் என்றாராம். வள்ளத்தில் ஏற்கெனவே பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள்; என்னை ஏற்றினால் நான்கு பிள்ளைகளை இறக்கவேண்டும் என்றாராம்.

"மாமாதான் சொன்னவர், பூட்டிப்போட்டுப் போ பிள்ளை எண்டு. திறந்து கிடக்கிற வீட்டுக்குள்ளைதான் வருவங்கள், பூட்டிக் கிடந்தால் ஆளில்லையெண்டு விட்டிட்டுப் போயிடுவங்கள் எண்டு சொன்னவர்."

பக்கத்து வீட்டுச் சூசைமுத்தர் ஊரைவிட்டு வரமாட்டேன் என்று நின்றவர். சாவியை அவருடைய கையில் கொடுத்து, நேரத்துக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் அவள் கரைக்கு ஓடினாள். இரண்டு நாளில் திரும்பலாம் என்று நினைத்தார்கள். வருடக்கணக்காகத் திரும்ப முடியவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. கிழவரும் இல்லை, சூசைமுத்தரும் இல்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்திலேயே அவளுடைய கணவன் காய்ச்சலில் போய்விட்டான். சாவி கை மாறியதைக் கண்டவர்கள் என்று இந்த உலகத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ஊர்க்கதையைத் தாங்கிக்கொள்ளலாம் என்றாள். அவள் வந்தது மகனுக்காக. ஓடியபோது அவனுக்கு ஏழு வயது. இப்போது பாரிஸில் இருக்கிறான், அங்கே யாரோ கொடுக்க நாவலை வாசித்திருக்கிறான். வாசித்துவிட்டுப் போன் எடுத்தானாம்.

"'அம்மா, நீங்கள் சாவியைத் தண்ணிக்குள்ளை விட்டதை நான் பாத்தனான். உங்கடை மடியிலை இருந்தனான். இப்பத்தான் ஞாபகம் வந்தது' எண்டு சொல்லுறான் அக்கா. நான் சொல்லச் சொல்ல, இல்லையம்மா, நான் பாத்தனான் எண்டுறான்."

அதற்குப் பிறகு அவன் போன் எடுக்கவில்லை.

அவள் கேட்டது இதுதான்: அந்தப் புத்தகம் கூடாது, மோசமானது என்று பேப்பரில் எழுதவேண்டும். பொய் என்று எழுதக்கூடாது. பொய் என்று எழுதினால் உண்மை எது, யார் அந்தப் பெண் என்று கேட்டுக்கொண்டு வெளியார் வீட்டுப் படலைக்கு வருவார்கள். எழுத்துச் சரியில்லை என்று மட்டும் எழுதினால் போதும். கூடாத புத்தகத்தை மகன் நம்பமாட்டான், அவன் படித்தவன் என்றாள். போகும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"நல்ல புத்தகமோ அக்கா அது?"

இன்னும் முடிக்கவில்லை என்றேன். முடித்திருந்தேன்.

அடுத்த கிழமை நூலாசிரியர் யாழ்ப்பாணம் வந்தார். சமாதான காலம் என்றபடியால் வெளிநாட்டிலிருந்து நிறையப் பேர் வந்துபோனார்கள். அலுவலகத்துக்கு வந்தபோது பிரதம ஆசிரியர் அவரை என் மேசைக்கு அனுப்பிவிட்டார். நான் ஒரு கர்வியை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் களைத்துப்போன மனிதர். பாண் சுடுகிற பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டு, பகலில் தூங்கவேண்டிய நேரத்தில் எழுதியதாகச் சொன்னார். முதல் முந்நூறு பக்கம் நீளம் என்றேன். தெரியும் என்றார். அந்தக் காணிகளின் பெயர்களை எழுதாவிட்டால் மறந்துவிடுவேன் என்ற பயத்தில் எழுதினேன் என்றார். எனக்கு அவர்மீது இரக்கம் வந்தது. அந்த அத்தியாயத்தைப் பற்றி அவர் கேட்குமுன் நானே கேட்டேன், அண்ணியிடம் கேட்டுத்தானே எழுதினீர்கள் என்று.

நாரந்தனைக்குப் போயிருந்தாராம். அண்ணி தேத்தண்ணி கொடுத்தாராம். கிணறு உப்பாகிப்போனதைப் பற்றி இருவரும் பேசினார்களாம். புத்தகத்தைப் பற்றி அண்ணியும் பேசவில்லை, இவரும் பேச்சை எடுக்கவில்லை.

"ஐயா செத்தது எனக்குக் கனகாலம் கழிச்சுத்தான் தெரியும்" என்றார். "எத்தினை தரம் எழுதிப் பாத்தன் அக்கா. அந்தப் பூட்டிலை ஆரின்ரையோ கை இருக்கவேணும். என்ரை கை கனடாவிலை எல்லோ இருந்தது."

அது நாவல்தானே, அதில் வருகிறவள் வேறு ஒருத்தி என்றும் சொன்னார். அதை அவரே நம்பவில்லை என்று எனக்குப் பட்டது. நான் மகனுடைய கதையைச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையில்லை, அது றெஜினாவின் கதை.

மதிப்புரை எழுத உட்கார்ந்தேன். மூன்றில் இரண்டு பங்கை வெட்டலாம் என்று எழுதினேன், காரணங்களோடு. அது கஷ்டமில்லை. அந்த அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டேன். அதைக் கூடாது என்று எழுத என் கை ஓடவில்லை. கடைசியில் ஒரு வசனம் கண்டுபிடித்தேன்: இது இந்த மண்ணிலிருந்து வந்த மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று, ஆனால் எழுதியவர் அன்றைக்கு அங்கே இருக்கவில்லை என்பதை வாசகர் மறக்கக்கூடாது. நல்ல வசனம் என்று நினைத்தேன். பொய்யுமில்லை, அவளுடைய பெயருமில்லை.

பிரதம ஆசிரியர் வாசித்துவிட்டு அந்த வசனத்தின் பின்பாதியை வெட்டினார். நான் எதிர்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். அவர் அத்தனை சொல் பேசி நான் கேட்டது குறைவு.

"அங்கை இருக்கேல்லை எண்டு நீர் எழுதினால், அப்ப அங்கை இருந்தது ஆர் எண்டு நாளைக்கே தேடிக்கொண்டு வெளிக்கிடுவங்கள். நீர் அந்தப் பொம்பிளையைக் காப்பாத்தேல்லை. வழி காட்டிறீர்."

நான் அவளைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அவராகவே ஊகித்திருந்தார். அவள் பயந்ததும் அதற்குத்தான். அப்படியானால் அந்த அத்தியாயத்தையே விட்டுவிடுகிறேன் என்றேன். விட்டால் அது வேறு யாரோ எழுதிய புத்தகத்துக்கு எழுதின மதிப்புரை என்றார். உமக்கு ஏலாதென்றால் வேறு ஆளிடம் கொடுக்கிறேன், அதில் வெட்கமில்லை என்றார். அந்த வேறு ஆள் யாரென்று எனக்குத் தெரியும். புத்தகத்தைத் திறக்க முன்னமே அதைக் காவியம் என்று சொல்லித் திரிந்தவர்.

ஆகவே நானே எழுதினேன். மூன்றில் இரண்டு பங்கு வெட்டப்படவேண்டியது என்று எழுதினேன். மிகச் சிறந்த பக்கங்கள் என்ற பாதி வசனத்தையும் அப்படியே இருக்கவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வருமுன் அவளுக்குச் சொல்லவேண்டும் என்று சனிக்கிழமை நாரந்தனைக்குப் போனேன். வீட்டு வளவில் வலையை விரித்துக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காகம் வராமல் ஒரு தடியை வைத்திருந்தாள். நான் பேசிமுடிக்கும்வரை மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டாள்.

"அப்ப நல்ல புத்தகம்தான்" என்றாள்.

ஓம் என்றேன். அவள் கோபிக்கவில்லை. வெயிலுக்குள் வந்திருக்கிறீர்கள் என்று உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அதைக் குடித்து முடிப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

மதிப்புரை வந்ததும் இரண்டு பக்கத்தாரும் என்னைத் திட்டினார்கள். அது இந்த வேலையில் வழமை, பழகிக்கொள்வீர்கள். வழமையில்லாதது பிறகு நடந்தது. நாவலின் இரண்டாம் பதிப்பு வந்தபோது பின்னட்டையில் எங்கள் பத்திரிகையின் பெயரோடு என்னுடைய அந்தப் பாதி வசனம் மட்டும் இருந்தது. வெட்டவேண்டும் என்று நான் எழுதியதில் ஒரு எழுத்தும் இல்லை. பிரதம ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பின்பக்கத்தைப் பார்த்தார், திருப்பித் தந்தார்.

2006இல் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. தெற்குக்குப் போகிற தரைப்பாதையைப் பூட்டினார்கள். அச்சடிக்கத் தாள் இல்லாமல் பத்திரிகை சுருங்கியது, நூல் பக்கத்தை முதலில் நிறுத்தினார்கள். இறந்தவர்களின் பெயர்களைச் சரிபார்ப்பது என் வேலையானது. பிரதம ஆசிரியர் வைத்தியத்துக்கென்று கொழும்புக்குப் போனார், அங்கேயே காலமானார். அந்த ஆண்டுகளில் ஒரு நாவல் நல்லதா கெட்டதா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் அந்தக் கேள்விக்கு ஒரு பெறுமதி இருந்தது என்பதை மறந்துபோனேன்.

சண்டை முடிந்த பிறகு, 2009 கடைசியில், ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் பிறசருக்குக் குளிசை எடுக்க வரிசையில் இருந்தேன். பக்கத்து வாங்கில் றெஜினா இருந்தாள். மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். மகன் இப்போது போன் எடுக்கிறான், மாதத்துக்கு ஒருமுறை, சுகம் கேட்பான், வேறொன்றும் பேசமாட்டான் என்றாள். அந்தப் புத்தகத்தை அவன்தான் அனுப்பினானாம், இரண்டாம் பதிப்பை. முழுவதையும் வாசித்துவிட்டதாகச் சொன்னாள்.

"முன்பக்கமெல்லாம் அலுப்படிச்சது அக்கா. நீங்கள் சொன்னமாதிரி வெட்டியிருக்கலாம்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த இடம் வந்தோடனை அழுதிட்டன். ஏலாமல் கிடக்கிற மனிசனை அப்பிடிப் பூட்டிப்போட்டுப் போறாளே, இவள் ஒரு மனிசியோ எண்டு கோவம் வந்தது."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்ப கண்ணை மூடினால் சாவி தண்ணிக்குள்ளை போறதுதான் தெரியுது. சூசைமுத்தரின்ரை கை தெரியுதில்லை. நான் அவரிட்டைக் குடுத்தனான்தானே அக்கா?"

"குடுத்தனீர்" என்றேன். "என்ரை வீட்டுக்கு வந்து சொன்னனீரெல்லோ."

"ஓம், சொன்னனான்" என்றாள். "நான் சொன்னதுதானே. வேறை ஆர் கண்டது?"

அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழும்பி உள்ளே போனாள். என்னுடைய முறை வரும்போது அவள் மருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் என்னிடம் இருக்கிற பதில். அந்த நாவல் அதன் பேருக்குத் தகுதியானதுதான். அதற்குக் காரணம் அந்த ஒரு அத்தியாயம். முதலில் ஒரு பிள்ளையின் ஞாபகத்தை எடுத்துக்கொண்டது, பிறகு அவனுடைய தாயின் ஞாபகத்தையும் எடுத்துக்கொண்டது. சாதாரண எழுத்தால் அது ஏலாது. என் மதிப்புரையை இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன். அதை எழுதிவிட்டு நாரந்தனைக்கு இன்னொருதரம் போகச் சொன்னால், என்னால் போக ஏலாது.